தோல் அடிக்கும் தொழில்

1

சென்ற மாதம் ரோட்டர்டாம் நகர அலுவலகத்தில் ஒரு பெண் அதிகாரி என்னிடம் மிகுந்த மரியாதையுடன், "கசாப்பு வேலையை எப்போது விட்டீர்கள்?" என்று கேட்டார்.

நான் இந்த நாட்டுக்கு வந்து பத்து வருடம் முடிந்துவிட்டது. குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தேன். அதற்கான நேர்காணல். என் கோப்பு அவர் மேசைமேல் திறந்து கிடந்தது. அதன் முதல் பக்கத்தில், தொழில் என்ற இடத்தில், அழகான தட்டச்சு எழுத்தில் கசாப்புக்காரர் என்றிருந்தது.

நான் திருவண்ணாமலையில் கோயிலை ஒட்டிய தெருவில் கற்பூரமும் விபூதியும் விற்கிற குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் வீட்டில் முட்டை என்ற சொல்லையே குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். பிழைப்புக்கு ஜாஸ் டிரம்ஸ் வாசிக்கிறேன். இதையெல்லாம் டச்சு மொழியில் எந்த வரிசையில் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, கூட வந்திருந்த என் ஏழு வயது மகள் உமா முந்திக்கொண்டாள்.

"எங்க அப்பா எதையும் கொல்ல மாட்டார். சத்தம் மட்டும்தான் போடுவார்" என்றாள், குறையில்லாத டச்சில்.

அந்த அம்மாள் சிரித்துவிட்டு, ஓர் அளவுகோலை எடுத்து வைத்து, பழைய தொழிலின்மேல் நேராக ஒரு கோடு போட்டார். பத்து வருடக் கசாப்பு அப்படியாக முடிவுக்கு வந்தது.

இந்த விஷயத்தை ஊரில் கடைத்தெருவில் இன்னும் சிலர் தப்பாகவே சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. அதனால் நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுவது நல்லது.

2

என் பெயர் தாண்டவராயன். இருபத்து மூன்று வயதில் ஊரில் டிரம்ஸ் அடிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆகையால் நான்தான் சிறந்தவன். கல்யாணக் கச்சேரி, கட்சிக் கூட்டத்துக்கு முன்னால் ஆள் சேர்க்கிற பாட்டு, கிறிஸ்துமஸுக்கு மாதா கோயில், பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பிள்ளைகள் பிரமிடு கட்டும்போது விடாமல் ஒரு உருட்டல், எல்லாவற்றுக்கும் கூப்பிடுவார்கள். ஒரு முறை ஊரில் கூடாரம் போட்ட சர்க்கஸில் டிரம்மருக்கு மஞ்சள் காமாலை வந்து மூன்று வாரம் நான் உட்கார்ந்தேன். பார் விளையாட்டுக்காரி அந்தரத்தில் கையை விடும்போது உருட்டலை எங்கே நிறுத்துவது என்பதை அங்கேதான் கற்றேன். தப்பான இடத்தில் நிறுத்தினால் அவள் மேலிருந்தே தெலுங்கில் திட்டுவாள்.

சர்க்கஸ் ஊரை விட்டுப் போகும்போது கூலிக்குப் பதிலாக அவர்களுடைய பழைய டிரம்ஸையே கொடுத்துவிட்டார்கள். பெரிய டிரம்மின் முகத்தில் ஒரு சிங்கம் வரைந்திருந்தது. வருஷக்கணக்காக உதை வாங்கி அதற்கு ஒரு கண்தான் மிச்சம்.

அதை வீட்டுக்குக் கொண்டுபோன அன்று அப்பா வாசலிலேயே மறித்தார். அப்பா பெயர் நமசிவாயம். நிறைய பேச மாட்டார்.

"இன்னாடா இது?"

"டிரம்ஸுப்பா."

"இது உள்ள வந்தா நான் வெளிய போறேன். நீயே முடிவு பண்ணு."

நான் டிரம்ஸோடு வெளியே போனேன். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குச் சற்று அப்பால், வரிசையாக நாலு அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். கடைசி அறை எனக்குக் கிடைத்தது. பகல் பதினொரு மணிக்கு ஆரம்பித்தால் சாயங்காலம் வரை அடிப்பேன். பக்கத்து அறை காலியாக இருந்ததால் யாருக்கும் தொல்லை இல்லை.

பிறகு பக்கத்து அறைக்கு ஆள் வந்தது.

3

வந்தவர் பெயர் யாப். இலக்கணம் படித்தவர்கள் சிரிக்க வேண்டாம், அவர்கள் நாட்டில் அது சாதாரணப் பெயர். ஆறடிக்கு மேல் உயரம், முப்பது முப்பத்திரண்டு வயது, செம்பட்டைத் தாடி. மலையடிவாரத்தில் நாற்பது நாள் மௌனம் இருப்பதென்று சங்கல்பம் செய்துகொண்டு வந்திருந்தார். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் சொல்ல முடியாது.

முதல் நாள் என் கதவுக்கு அடியில் ஒரு துண்டுச் சீட்டு வந்தது. ஆங்கிலத்தில் "தயவுசெய்து" என்று மட்டும் எழுதியிருந்தது. என்ன தயவு என்று தெரியாததால் வைத்துக்கொண்டேன். மறுநாள் "தயவுசெய்து நிறுத்தவும்" என்று வந்தது. "எப்போது?" என்று பின்னால் எழுதித் தள்ளினேன். "எப்போதும்" என்று திரும்பி வந்தது.

நான் நிறுத்தவில்லை. என் அறைக்கு நானும் வாடகை கொடுக்கிறேன் அல்லவா.

ஒரு வாரம் சீட்டு எதுவும் வரவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. அப்புறம் ஒரு நாள் மத்தியானம் ஒன்று வந்தது: "உன் இடது கை பிந்துகிறது."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஊரில் இத்தனை கல்யாணத்தில் வாசித்திருக்கிறேன், என் இடது கையைப் பற்றி ஒருவர் வாய் திறந்ததில்லை. அன்றிலிருந்து வேண்டுமென்றே இடது கையை இன்னும் பிந்தவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்கும். எனக்குச் சந்தோஷமாக இருக்கும். மறுநாள் இன்னும் கொஞ்சம் பிந்தவிடுவேன்.

முப்பத்தோராவது நாள் அந்த மனிதர் இரண்டு அறை வாசலுக்கும் நடுவில் இருந்த குட்டைச் சுவரைத் தாண்டிக் குதித்து, என் வாசலில் நின்று, தொண்டை கிழிய, "ஒன்! டூ! த்ரீ! ஃபோர்!" என்று கத்தினார்.

கத்தி முடித்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். ஒரு மாதமாகக் காப்பாற்றிய மௌனம். அப்படியே படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நடுவில் எங்கோ அழுகையாக மாறிவிட்டது. நான் பயந்துபோய் எதிரே இருந்த கடையிலிருந்து டீ வாங்கிக்கொண்டு வந்தேன்.

டீயைக் குடித்துவிட்டு அவர் சொன்னார். அவர் ஒரு சாக்ஸபோன் வாசிப்பவர். ரோட்டர்டாமில் பத்து வருடமாக ஒரு ஜாஸ் குழு நடத்தியவர். அந்தக் குழுவின் டிரம்மரோடு அவர் மனைவி போய்விட்டாள். அதற்குப் பிறகு எங்கே டிரம் சத்தம் கேட்டாலும் மனசு கொதித்திருக்கிறது. அமைதியான ஓர் இடம் வேண்டும் என்று உலகத்தில் பாதியைக் கடந்து இங்கே வந்தால், எனக்குப் பக்கத்து அறையைக் கொடுத்திருக்கிறார்கள்.

எனக்குப் பரிதாபமாக இருந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று, "அந்த டிரம்மருக்கு இடது கை எப்படி?" என்று கேட்டேன்.

"மிகச் சரியாக இருக்கும்" என்றார், மிகுந்த வருத்தத்துடன்.

மறுநாள் அவருடைய பெட்டியின் அடியிலிருந்து வேட்டியில் சுற்றிவைத்த சாக்ஸபோன் வெளியே வந்தது. மௌனத்துக்கு வந்தவர் எதற்கு அதைக் கொண்டுவந்தார் என்று நான் கேட்கவில்லை. எட்டு மாதம் இரண்டு பேரும் தினமும் வாசித்தோம். ஆனால் ஜாஸுக்கே உரிய அந்த நடை, தாளம் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டே போகிறதே, அது மட்டும் எனக்கு வரவே இல்லை. நான் அடித்தால் மரம் அறுக்கிற இயந்திரம் மாதிரி நேராகப் போகும். யாப் வாயால் சொல்லிப் பார்த்தார், தொடையில் தட்டிக் காட்டினார், ஒரு நாள் என்னைத் தோளைப் பிடித்து நடக்கவும் வைத்தார். ஒன்றும் பலிக்கவில்லை.

கடைசியில் அதைச் சொல்லிக்கொடுத்தது ஒரு ஜட்கா குதிரை. போளூரில் கச்சேரி முடித்து வந்து, பஸ் ஸ்டாண்டில் டிரம்ஸை ஜட்காவில் ஏற்றி வந்துகொண்டிருந்தேன். குதிரைக்குப் பின்னங்காலில் ஒன்று சற்று இழுக்கும். ஒரு அடி நீளம், ஒரு அடி குட்டை, ஒரு அடி நீளம், ஒரு அடி குட்டை. சட்டென்று எனக்குப் புரிந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தேன்.

ஜட்காக்காரர் வண்டியை நிறுத்திவிட்டார். "இன்னாங்க, நொண்டிக் குதிரன்னு சிரிக்கிறீங்களா? அதுக்கு வலிக்காது பாருங்க, நல்லா ஓடும்."

"அய்யோ, அதுக்கில்லண்ணே. இப்பிடியே கோயிலச் சுத்தி இன்னொரு ரவுண்டு போங்க."

"சவாரி எங்க எறங்கணும்?"

"எங்கயும் இல்ல. சும்மா போங்க."

மூன்று சுற்று போனோம். நான் வண்டிக்குள் உட்கார்ந்து தொடையில் தட்டிக்கொண்டே வந்தேன். இறங்கும்போது அவர் குதிரையைத் தடவிக்கொண்டே, "உடம்பு சரியில்லன்னா டாக்டரப் பாருங்க" என்று கனிவாகச் சொன்னார்.

4

யாப் ஊருக்குத் திரும்பி ஒரு வருடம் கழித்துக் கடிதம் எழுதினார். புதிதாகக் குழு ஆரம்பிக்கிறார். பியானோவும் பேஸும் வாசிக்க ஆள் கிடைத்துவிட்டார்கள், டிரம்மர் வேண்டும். "எனக்கு இப்போது மனைவி இல்லை. எனவே நீ தயங்காமல் வரலாம்" என்று முடித்திருந்தார்.

பாஸ்போர்ட்டுக்காக விசாரிக்கக் கான்ஸ்டபிள் எங்கள் கடைக்குப் போயிருக்கிறார். பையன் என்ன வேலை செய்கிறான் என்று கேட்டதற்கு அப்பா, "ஒண்ணும் இல்ல" என்று சொல்ல, அவர் அதையே எழுதிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் நான் ஸ்டேஷனுக்குப் போய், ரைட்டர் மேசையில் இரண்டு பேனாவை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் அடித்துக் காட்டிய பிறகுதான் அறிக்கை திருத்தப்பட்டது.

கிளம்புகிற அன்று காலையில் கடைக்குப் போனேன். அப்பா கற்பூரத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"வெள்ளக்காரன் சத்தம் தாங்காம அமைதியத் தேடிக்கினு இங்க வரான். நீ சத்தத்தத் தேடிக்கினு அங்க போறியா?"

"ஆமாம்பா."

"போ. ரெண்டு பக்கமும் சரியாப் பூடும்."

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் கையில் இருந்த பொட்டலத்தை என் சட்டைப் பையில் திணித்தார். நான் ரோட்டர்டாமில் இறங்கியபோது என் கோட்டு, சட்டை, பெட்டி எல்லாம் கற்பூர வாசனை. சுங்க அதிகாரிகள் மூன்று பேர் மாறி மாறி முகர்ந்தார்கள்.

5

வந்த மூன்றாவது நாள் வெளிநாட்டுக்காரர்களைப் பதிவு செய்கிற அலுவலகத்துக்குப் போனேன். இங்கே எல்லோருக்கும் முன்பெயர் ஒன்று, குடும்பப் பெயர் ஒன்று இருந்தாக வேண்டும். எனக்கு இருந்தது ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். இனிஷியலை விரித்துச் சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். அதையே முன்பெயராகப் போட்டுவிட்டார்கள். ஊரை விட்டு வேலூருக்குக்கூடப் போக விரும்பாத என் அப்பா அன்று முதல் நெதர்லாந்து நாட்டுப் பதிவேட்டில் குடியேறிவிட்டார். என்னை இன்றைக்கும் வங்கியில் "நமசிவாயம்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் ஒரு கணம் அப்பாவைத் தேடித் திரும்பிப் பார்ப்பேன்.

அடுத்தது தொழில். யாப் முன்பே சொல்லிக்கொடுத்திருந்தார். டச்சில் "ஸ்லாக்" என்றால் அடி. டிரம் அடிப்பவருக்கு "ஸ்லாக்வெர்கர்" என்று பெயர். வழி முழுக்க மனப்பாடம் செய்துகொண்டே போனேன். வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றதில் அந்த வார்த்தையின் நடுப்பகுதி எங்கோ உதிர்ந்துவிட்டது. என் முறை வந்தபோது கையில் மிச்சம் இருந்தது "ஸ்லாகர்." அடிப்பவன். சரியாகத்தான் இருக்கும் என்று தைரியமாகச் சொன்னேன். கூடவே இரண்டு கைகளாலும் ஓங்கி அடித்துக் காட்டினேன்.

அந்த அதிகாரி என் மெலிந்த கைகளைப் பார்த்தார். "இந்தியாவிலும் இதே தொழில்தானா?" என்றார்.

"ஆமாம். கல்யாணங்களில்" என்றேன்.

"ஒரு கல்யாணத்துக்கு எவ்வளவு நேரம்?"

"மூன்று மணி நேரம். விடாமல்."

அவர் எழுதிக்கொண்டார். ஸ்லாகர் என்றால் கசாப்புக்காரர் என்பது எனக்கு அடுத்த மாதம்தான் தெரிந்தது. இறைச்சியைத் தொடுபவர்கள் எடுக்க வேண்டிய மருத்துவச் சான்றிதழை நான் இன்னும் ஒப்படைக்கவில்லை என்று ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. யாப் அதைப் படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். திருத்தம் கேட்டு மூன்று முறை போனேன். தொழிலை மாற்றுவதென்றால் கசாப்புச் சங்கத்திலிருந்து விலகல் கடிதம் வேண்டும் என்றார்கள். விலக வேண்டுமானால் முதலில் சேர்ந்திருக்க வேண்டும். விட்டுவிட்டேன்.

ஆனால் அதற்குள் வேறொரு காரியம் செய்துவிட்டிருந்தேன். பதிவு அட்டை கைக்கு வந்த அன்றே, நான் திருட்டுத்தனமாகத் தங்கவில்லை என்று அப்பாவுக்குக் காட்ட, பெருமையாக அதன் நகல் ஒன்றை ஊருக்கு அனுப்பியிருந்தேன்.

6

அப்பா அந்த நகலை எடுத்துக்கொண்டு ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த ஒரு டச்சு அம்மாளைத் தேடிப் போயிருக்கிறார். அந்த அம்மாள் வாசித்து, ஆங்கிலத்தில் சொல்லி, அப்பாவுக்குப் புரியாததால், கையைக் கத்தி மாதிரி வைத்துக் கழுத்தில் இழுத்துக் காட்டியிருக்கிறார். கடைத்தெரு முழுக்கப் பரவ ஒரு நாள் ஆகவில்லை. இரண்டு பழைய வாடிக்கைக்காரர்கள் கற்பூரத்துக்கு எதிர்க்கடைக்கு மாறிவிட்டார்கள்.

எனக்கு ஒரு சாயங்காலம் போன் வந்தது. அங்கேயிருந்து வெளிநாட்டுக்குப் பேச வேண்டும் என்றால் பதிவு செய்துவிட்டு ஒரு நாள் காத்திருக்க வேண்டும். அப்பா பக்கத்துப் பாத்திரக்கடையில் இருந்து பதிவு செய்திருக்கிறார். கடல் இரைச்சலுக்கு நடுவில் அவர் குரல் கேட்டது. நலமா என்றுகூடக் கேட்கவில்லை.

"ஆடா, மாடா?"

"என்னப்பா?"

"வெட்றது ஆடா, மாடான்னு கேக்கறேன்!"

"நான் எதயும் வெட்டலப்பா! அடிக்கிறேன்! அடிக்கிறதுதான் வேல!"

"அதத்தான் கேக்கறேன். எத அடிக்கிற?"

"தோலு! தோல அடிக்கிறேன்!"

அப்பா உடைந்த குரலில், "தோல வேற உரிக்கிறியா? அதுவும் என் பேரப் போட்டு!" என்றார்.

அட்டையில் இருப்பது அவர் பெயர். கசாப்புக்காரர் நமசிவாயம். அதை எப்படி மூன்று நிமிடத்தில் விளக்குவது?

அப்போது மூன்றாவதாக ஒரு குரல் நடுவில் நுழைந்தது. பெண் குரல். இரைச்சலைத் தாண்டித் தெளிவாக வந்தது.

"ஐயா, ஒரு நிமிஷம். அவரு கசாப்புக்காரர் இல்லீங்க. டிரம்ஸு அடிக்கிறாரு. அந்தத் தோலச் சொல்றாரு."

"நீ யாரும்மா?" என்றார் அப்பா.

"எக்ஸ்சேஞ்சுங்க."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"எங்க அக்கா கல்யாணத்துல அடிச்சாருங்க. தாலி கட்றப்ப கெட்டி மேளத்துக்கு மேல இவரு சத்தந்தான் கேட்டுது. மாப்ளயே திரும்பிப் பாத்துட்டாரு."

"அவனேதான்" என்றார் அப்பா. உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது அந்தக் குரல். "அவனேதாம்மா!"

லைன் துண்டித்துக்கொண்டது.

7

இரண்டு பேர் பேசுவதன் நடுவில் டெலிபோன் ஆபரேட்டர்கள் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. அந்தப் பெண்ணுக்கு மேலதிகாரி மெமோ கொடுத்திருக்கிறார். எனக்கு அது தெரியாது. நான் நன்றி சொல்ல ஆசைப்பட்டு, பெயர் தெரியாததால், "டெலிபோன் எக்ஸ்சேஞ்ச், திருவண்ணாமலை, நடுவில் பேசிய பெண்ணுக்கு" என்று முகவரி போட்டு ஒரு கடிதம் எழுதினேன். கடிதத்தைப் பிரித்தவரும் அந்த மேலதிகாரிதான்.

இரண்டு வருடம் கழித்து விடுமுறையில் ஊருக்கு வந்தபோது எக்ஸ்சேஞ்ச் வாசலில் போய் நின்று சொல்லியனுப்பினேன். நீலப் புடவையில் ஒரு பெண் வெளியே வந்து, காதுக்கருவி அழுத்திக் கலைந்த முடியைச் சரிசெய்துகொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்கதானா அது? ஒரு மெமோ பத்தாதுன்னு ரெண்டாவதும் வாங்கிக் குடுத்தவரு?"

அவள் பெயர் கோமதி. அந்த விடுமுறையில் நான் எட்டு முறை எக்ஸ்சேஞ்ச் பக்கம் போனேன். ஒன்பதாவது முறை போனபோது அவளுக்கு மூன்றாவது மெமோ வந்திருந்தது. இனி கல்யாணம் செய்துகொள்வதுதான் கௌரவம் என்று தோன்றியது. இரண்டு வீட்டிலும் பேசினார்கள். அவள் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த இன்னொரு தொழிலு நெசமாவே இல்லதானே?" என்று மட்டும் உறுதி செய்துகொண்டார்.

கோமதிக்கு ஒரே நிபந்தனை இருந்தது.

"ஆறு வருஷமா மத்தவங்க பேசறத கேட்டுக்கினே ஒக்காந்திருக்கேன். நடுவுல பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, தும்மக்கூடக் கூடாது. இனிமே நான்தான் பேசுவேன். நீங்க கேக்கணும். சம்மதமா?"

சம்மதித்தேன். அவள் வாக்கு மாறவில்லை.

8

என்னைப் பல வாத்தியக்காரன் என்று இங்கே பத்திரிகையில் ஒரு முறை எழுதினார்கள். உண்மையில் நான் பல பிழைப்புக்காரன். வெள்ளிக்கிழமை யாப்பின் குழுவோடு ஜாஸ். அதைக் கேட்க நாற்பது பேர் வருவார்கள், அதில் பாதிப்பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். மற்ற நாட்களில் இசைப்பள்ளியில் வகுப்பு. புதன்கிழமை முதியோர் இல்லத்தில் போல்கா நடனத்துக்கு வாசிப்பு. அங்கே ஆடுகிறவர்களின் முழங்காலைப் பார்த்துத்தான் வேகத்தை முடிவு செய்வேன். குளிர்காலத்தில் பனிச்சறுக்கு மைதானம். சனிக்கிழமைகளில் சுரிநாம் நாட்டிலிருந்து வந்த இந்திய வம்சாவளியினரின் கல்யாணங்கள். என் முகத்தைப் பார்த்ததும் அவர்கள் ஆசையாக இந்தி மாதிரி ஒரு மொழியில் பேசுவார்கள். நான் டச்சில் பதில் சொல்வேன். இந்தியாவிலிருந்து வந்தவனுக்கு இந்தி தெரியாது என்பதை அவர்கள் நம்புவதில்லை, திமிர் பிடித்தவன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

சர்க்கஸில் கற்ற உருட்டல், கல்யாணத்தில் கற்ற அடாவடி, எல்லாம் இங்கே சோறு போடுகிறது.

உமா இங்கேயே பிறந்தவள். பாட்டிக்கு இவர்கள் மொழியில் "ஓமா" என்று பெயர். பள்ளியில் முதல் நாளே அவளைப் பாட்டி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவள் என்னிடம் வந்து, "உனக்கு வேற பேரே கெடைக்கலையா?" என்று டச்சில் கேட்டாள். டச்சில் மூத்தவர்களுக்கு ஒரு "நீங்கள்" உண்டு. அதை அவள் தபால்காரருக்கும் பல் டாக்டருக்கும் சொல்கிறாள். எனக்கு "நீ"தான்.

நான் பேசுகிற தமிழ் அவளுக்குப் புரியும், பதில் டச்சில் வரும். அவள் வேகமாகப் பேசுகிற டச்சு எனக்கு முக்கால்வாசிதான் பிடிபடும். சாப்பாட்டு மேசையில் கோமதி நடுவில் உட்கார்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிச் சொல்கிறாள். "ஊர்ல பாத்த அதே வேலதான், மெமோ மட்டும் இல்ல" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் சில நாள் உமா தூக்கத்தில் ஏதோ முணுமுணுப்பாள், அதுவும் டச்சில்தான். நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.

9

மூன்று வருடத்துக்கு முன்னால் யாப்புக்கு ஓர் ஆசை வந்தது. மௌனம் கலைந்த ஊரில் ஒரு கச்சேரி செய்ய வேண்டும். நாலு பேரும் கிளம்பினோம். கோமதியும் நாலு வயது உமாவும் உடன் வந்தார்கள். பெரிய கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்தோம். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்குக் கச்சேரி.

போஸ்டர் அடிக்கக் கொடுத்திருந்தேன். மறுநாள் ஊர் முழுக்க ஒட்டியிருந்தது: "மாபெரும் ஜாஸ்தி இசைக் கச்சேரி."

அச்சகத்துக்கு ஓடினேன். அச்சகக்காரர் பெருமையோடு சொன்னார். "நீங்க அவசரத்துல ஒரு எழுத்த உட்டுட்டீங்க. நான்தான் பாத்துச் சேத்தேன். இல்லாகாட்டி அசிங்கமாப் போயிருக்கும்."

அதன் பலன், மண்டபம் நிரம்பிவிட்டது. முன்வரிசையில் ஒருவர் மேடையை எண்ணிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம், "ஜாஸ்தின்னு போட்டான், ஆளு கம்மியா கீறாங்களே, நாலு பேருதான்" என்று குறைப்பட்டது மேடை வரை கேட்டது.

அப்பா வருவாரா என்று எனக்குத் தெரியாது. கோமதிதான் அவரை அழைத்து வந்து முதல் வரிசையில் உட்காரவைத்தாள். அவர் மடியில் உமா. அவள் டச்சில் சொல்கிற பதில் ஒன்றும் அவருக்குப் புரியாது, அதனால் நன்றாக ஒத்துப்போனார்கள். என் முப்பத்து நாலு வயதுக்குள் அப்பா நான் வாசித்து ஒரு நாளும் கேட்டதில்லை. கல்யாணங்களில்கூட என் குழு என்று தெரிந்தால் நான் ஆரம்பிக்கும் முன்பே எழுந்து போய்விடுவார்.

முதல் இரண்டு பாட்டும் மரியாதையான மௌனத்தில் கழிந்தன. மூன்றாவதில் யாப் எனக்குக் கண்ணைக் காட்டிவிட்டு ஒதுங்கினார். தனி ஆவர்த்தனம். கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன். போகப் போக முதல் வரிசை மறந்துவிட்டது. எங்கிருந்தெல்லாமோ என்னென்னமோ வந்தது. நான் அதற்கு முன்னால் அடிக்காதது, யோசிக்காதது. வாழ்க்கையில் அப்படி இரண்டு மூன்று தடவைதான் வரும்.

கண்ணைத் திறந்தேன். அப்பா எழுந்துவிட்டிருந்தார். உமாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், நடு வழியில் நடந்து மண்டபத்தை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தார்.

நான் எப்படியோ முடித்தேன். கூட்டம் விசில் அடித்தது. எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. யாப் குனிந்து, "குழந்தைக்குச் சத்தம் ஒத்துக்கொள்ளவில்லையோ என்னவோ" என்றார். நான் தலையாட்டினேன். அடுத்த பாட்டு மெதுவான பாட்டு. குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, மேளத்தை உரசுகிற கம்பித் துடைப்பத்தை எடுத்துக்கொண்டேன். நல்லவேளை, அதை வாசிக்கும்போது தலையைக் குனிந்துகொள்ளலாம்.

பாட்டு பாதி போயிருக்கும். வாசலில் சலசலப்பு. அப்பா உள்ளே வந்துகொண்டிருந்தார். தோளில் உமா. பின்னால் பாத்திரக்கடைக்காரர், அவர் பின்னால் பூக்கடைக்காரர், ஜவுளிக்கடையில் மூன்று பேர், கற்பூரத்துக்கு வாடிக்கை மாறிப்போன அந்த இரண்டு பேர், எதிர்க்கடைக்காரர்கூட. ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தை அப்படியே போட்டுவிட்டு, பாதிக் கதவை இழுத்துவிட்டு ஓடிவந்தவர்களின் மூச்சிரைப்போடு எல்லோரும் முன்வரிசைக்கு வந்தார்கள்.

அப்பா மேடைக்கு நேர் கீழே வந்து நின்றார். சாக்ஸபோன் உருகிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

"டேய், நிறுத்து. முன்ன தனியா அடிச்சியே, அத அடி. இவங்க பாக்கல."

யாப்புக்குத் தமிழ் தெரியாது. ஆனால் வாத்தியத்தை இறக்கிவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டார்.

ஜாஸில் அடித்ததைத் திரும்ப அடிக்க முடியாது. அந்தச் சங்கீதமே அதுதான், அந்த நேரத்தில் வருவது அந்த நேரத்தோடு சரி. இதை எத்தனையோ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மேடையில் உட்கார்ந்து அப்பாவுக்கு அதை விளக்குவதா? குச்சிகளை எடுத்தேன். முன்பு எப்படி ஆரம்பித்தேன் என்று யோசித்து யோசித்து, அதே மாதிரி ஆரம்பித்தேன்.

பத்து நொடிகூட ஆகவில்லை. அப்பா கையை ஆட்டினார். "இது இல்ல. மொதல்ல இப்பிடி வரல. சின்னதா ஆரம்பிச்ச, அப்புறம் அந்தப் பெரிசு ரெண்டு தரம் வந்துச்சு, அப்புறம் நிறுத்தின. நிறுத்திட்டுத்தான் தகரம்."

நான் அப்படியே திகைத்துப் போனேன். ஒரு அடி விடாமல் கேட்டிருக்கிறார். எனக்கே நினைவில்லாத வரிசை அவருக்கு நினைவிருக்கிறது.

சின்னதாக ஆரம்பித்தேன். பெரிய டிரம்மை இரண்டு தரம் உதைத்தேன். நிறுத்தினேன். சிம்பலைத் தொட்டேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தார். அதற்குப் பிறகு என் கை அதன் போக்கில் போய்விட்டது, அவர் அவ்வப்போது உதட்டைப் பிதுக்குவது தெரிந்தது. முடித்தபோது கடைத்தெரு முழுக்கக் கை தட்டியது. எதிர்க்கடைக்காரர் அப்பாவின் தோளைத் தட்டி, "பலே நமசிவாயம், பையன் பின்னிட்டான்" என்றார்.

அப்பா உமாவை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, மிகுந்த இரக்கத்துடன் அவரைப் பார்த்தார்.

"மொதல்ல அடிச்சது இத விட நல்லா இருந்துச்சு. நீங்க குடுத்துவெச்சது அவ்ளோதான்."